பதினோரு தாய்மார் சொன்னது

டாக்டர் மாணிக்கவாசகம் கெட்ட மனுஷன் இல்லை. கெட்டவரா இருந்திருந்தா எங்களுக்கு எவ்வளவோ சுளுவாப் போயிருக்கும். நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு வார்த்தை ஏசிட்டு, துப்பிட்டு, வேலையைப் பாக்கப் போயிருப்போம். அவர் நல்லவர். எங்க காஜா பேராங் பக்கம் அவர் கை படாத பிள்ளையே கிடையாது. ராத்திரி பகல் பாக்காம வருவாரு, காசு நீட்டினா கோவிச்சுக்குவாரு. அந்த நல்லவர்தான் எங்க அஞ்சலைக்காவை உலகம் பூராவும் கேவலப்படுத்தினவரு. நினைக்கிறப்ப எல்லாம் எனக்கு இன்னும் வயிறு பத்திக்கிட்டு எரியுது. எரியட்டும். அணைச்சிட்டா நான் மனுஷியே இல்லை.

என் பேரு மல்லி. நானும் அஞ்சலைக்காவும் பாசார்ல, அதான் சந்தையில, அப்துல் கய்யூம் பாய் கடைக்கு மசாலா அரைக்கிறவங்க. கடைக்குப் பின்னால தகரக் கூரை, அதுக்குக் கீழ ரெண்டு அம்மி. காலையில வெளுக்கிறதுக்கு முன்னாடி உக்காந்தா வெயில் ஏறுற வரைக்கும் எந்திரிக்க முடியாது. மீன் குழம்புக்கு ஒரு உருண்டை, கறிக்கு ஒரு உருண்டை, குருமாவுக்கு ஒண்ணு. மலாய்க்காரங்க, சீனங்க, செட்டிங்க எல்லாரும் வந்து இலையில மடிச்சு வாங்கிட்டுப் போவாங்க. மிளகாய் அரைக்கிற கை எப்படி இருக்கும்னு அரைக்கிறவளுக்குத்தான் தெரியும். தேங்காய் எண்ணெயைத் தடவிக்கிட்டுப் படுத்தாலும் பாயில கை வைக்க முடியாது. அஞ்சலைக்கா அந்தக் கையாலதான் மகளைப் படிக்க வச்சா.

மக பேரு சீதா. இடது கண்ணுல வெள்ளை விழுந்திருக்கும். ஜப்பான்காரன் போன மறுவருஷம் மணல்வாரி அம்மை போட்டு, மாசக்கணக்காத் தேறாம சாகப் பிழைக்கக் கிடந்து, டாக்டர் மாணிக்கவாசகம்தான் ஆஸ்பத்திரியில வச்சு உசுரை மீட்டுக் கொடுத்தாரு. ஒரு கண்ணு மட்டும் திரும்பலை. அப்புறமும் அவர் அந்தப் பிள்ளையை விடலை. கான்வென்ட்ல இடம் வாங்கிக் கொடுத்தாரு, டைப் படிக்கச் சொன்னாரு, படிச்சு முடிச்சதும் தன் ஆபீஸ்லயே கிராணி, அதான் குமாஸ்தா, வேலைக்கு எடுத்துக்கிட்டாரு. சீதா அப்பன் தியாகு மாமா, சாமி படத்துக்குப் பக்கத்துல டாக்டர் படம் மாட்டாததுதான் குறை.

சுதந்திரம் கிடைச்ச மறுவருஷம் அது. வெள்ளைக்காரங்க ஒவ்வொருத்தரா மூட்டையைக் கட்டிக்கிட்டு இருந்தாங்க. கோலாலம்பூர்ல ஆராய்ச்சிக்கூடம் ஒண்ணுல பெரிய நாற்காலி காலியாகப் போகுதுன்னு பேச்சு. அதுக்கு டாக்டர் எழுதிப் போடணும். சும்மா இல்லை, இதுவரைக்கும் என்னென்ன ஆராய்ச்சிக் கட்டுரை எழுதினாரு, எந்தெந்தப் பத்திரிகையில வந்துச்சு, அதை யார் யார் தங்களோட புத்தகத்துல எடுத்துக் காட்டினாங்க, எல்லாத்தையும் வரிசையா அடிச்சு அனுப்பணும். எத்தனை பேர் எடுத்துக் காட்டினாங்களோ அவ்வளவு பெரிய ஆளுன்னு அர்த்தமாம். அடிக்கிற வேலை சீதாவுக்கு.

எந்த நாட்டுல யார் அவர் பேரை எழுதினாலும் டாக்டர் அந்தப் பத்திரிகையைக் கப்பல்ல வரவழைச்சு, தன் பேர் இருக்கிற வரியில சிவப்புப் பென்சிலால கோடு போட்டு அடுக்கி வச்சிருப்பாரு. அதோட வாரா வாரம் போஸ்ட்கார்டு வேற வரும். உங்க கட்டுரைப் பிரதி ஒண்ணு அனுப்புங்கன்னு ஜெர்மனியில இருந்து, எகிப்துல இருந்து, பேரே வாயில நுழையாத ஊர்ல இருந்தெல்லாம் வரும். அச்சடிச்ச பிரதிகள் ஒட்டின உறையில தயாரா இருக்கும். சீதா விலாசம் எழுதி, தபால் தலையை நாக்குல நனைச்சு ஒட்டி அனுப்புவா. ரெண்டு வருஷமா அனுப்பிக்கிட்டு இருந்தா. உள்ள என்ன இருக்குன்னு அவ பாத்ததே இல்லை.

அன்னிக்கு அந்த வரிசையை அடிக்கிறப்ப டாக்டர் சந்தோஷமா இருந்தாரு. அவர் யாழ்ப்பாணத்துக்காரர், பேச்சு ஒரு இழுவையா அழகா இருக்கும்.

"இஞ்ச வாரும் பிள்ளை. என்ர கட்டுரையளுக்குள்ள ஆகப் பேர்போனது இதுதான். இந்தப் படத்தில இருக்கிறது ஆர் எண்டு சொல்லும் பாப்பம்."

சீதா பாத்திருக்கா. அம்மணமா ஒரு பிள்ளை. விலா எலும்பு தனித்தனியா, வயிறு பானையா, ஒரு கண்ணு வெள்ளையா.

"தெரியலை சார்."

"நீர்தான்! அடையாளம் தெரியேல்லையே? லண்டன்ல, கல்கத்தாவில, ஜமேக்காவில எல்லாம் இந்தப் படத்தைத்தான் பாடப்புத்தகத்தில போட்டிருக்கினம். நீர் எவ்வளவு பேர்பெற்ற ஆள் தெரியுமோ!"

பெருமையாச் சொன்னாராம். பிறந்தநாளுக்குப் பரிசு கொடுக்கிற மாதிரி அவ கையில கொடுத்தாராம். அந்த மனுஷனுக்கு உறைக்கவே இல்லை. பதினெட்டு வயசுப் பொண்ணு கையில அவ அம்மணப் படத்தைக் கொடுத்து, ஊர் உலகமெல்லாம் இதைப் பாத்துச்சுன்னு சொல்றோமேன்னு ஒரு துளி உறைக்கலை. அதையும் பல்லைக் கடிச்சுக்கிட்டுத் தாங்கியிருப்பா. படத்துக்குக் கீழ எழுதியிருந்ததைத்தான் அவளால தாங்க முடியலை.

வீட்டுக்கு வந்தா. எனக்கும் அவங்களுக்கும் நடுவுல ஒரே பலகைச் சுவர்தான், அந்தப் பக்கம் இருமினா இந்தப் பக்கம் கேக்கும். வெளிய வடகிழக்கு மழை தகரத்துல கொட்டுது. அதையும் மீறி அவ குரல் கேட்டுச்சு.

"எம்மா, எனக்கு அம்மை போட்டப்ப மீன், முட்டை ஏதாச்சும் குடுத்தியா?"

"எந்தக் காலத்துக் கதைடி? கை கழுவிட்டு வா, சோறு போடுறேன்."

"குடுத்தியா, இல்லையா?"

"இப்ப எதுக்கு அது?"

"ஆத்தா வந்த பிள்ளைக்கு ஒரு வருஷம் கவுச்சி காட்ட மாட்டோம்னு டாக்டர்கிட்ட சொன்னியா?"

"சொன்னேன்" அப்படின்னா அஞ்சலைக்கா.

"சொன்னியா! அப்ப நிஜம்தானா? பதினோரு தாய்மாரைக் கேட்டாராம், பதினோரு பேரும் இதையே சொன்னாங்களாம். பிள்ளைங்க கண்ணு போனதுக்குக் காரணம் பஞ்சம் இல்லை, தமிழங்க மூட வழக்கம்னு போட்டிருக்கு. ஒரு முட்டை, ஒரு துண்டு மீன் ஈரல் குடுத்திருந்தாக்கூட இந்தக் கண்ணு பிழைச்சிருக்குமாம். முதல் படமே நான்தாம்மா! ரெண்டு வருஷமா என் கையாலயே நான் அதை ஊர் ஊராத் தபால்ல அனுப்பியிருக்கேன்!"

தியாகு மாமா எந்திரிச்சிட்டாரு. அவர் நடக்கிறது தனியாத் தெரியும், ஜப்பான்காரன் வேலைக்கு இழுத்துட்டுப் போன சயாம் ரயில் ரோட்டுல புண்ணு வச்ச கால், இழுத்துக்கிட்டே வரும். மெதுவாப் பேசுற மனுஷன் அன்னிக்குக் கத்தினாரு.

"ஒரு வருஷமா? எந்த ஊர் வழக்கம்டி அது? மூணு தண்ணி தலைக்கு ஊத்தினா முடிஞ்சு போச்சு, அன்னிக்கே கருவாடு வறுப்பாங்க! நான் இல்லாத நேரம் பாத்து எவ பேச்சைக் கேட்டுடி ஆடின? சாமிக்குப் பயந்தியே, என் புள்ள கண்ணுக்குப் பயந்தியா?"

அஞ்சலைக்கா சோத்துச் சட்டியை மூடுற சத்தம் மட்டும் கேட்டுச்சு.

அன்னியில இருந்து சீதா அம்மா கைச்சோத்தைத் தொடலை. காலையில சீனன் காப்பிக்கடையில ரொட்டி, மத்தியானம் எங்கயோ, சாயங்காலம் வந்தா "பசிக்கலை". அக்கா ஆக்குறதை நிறுத்தலை. இறால் வாங்கினா, முட்டை வாங்கினா, கய்யூம் பாய்கிட்ட கெஞ்சி முன்பணம் வாங்கி, நல்ல மீனா எடுத்துப் புளிக்குழம்பு வச்சா. அவ வைக்க வைக்க அந்தப் பொண்ணுக்கு வெறி ஏறுது. "இப்ப எதுக்கு? அப்பக் குடுக்க வேண்டியதுதானே?"ன்னு ஒரு நாள் கேட்டுட்டா. நான் சுவருக்கு இந்தப் பக்கம் உக்காந்து தலையில அடிச்சுக்கிட்டேன்.

மறுநாள் அம்மியில அக்கா மிளகாயை அரைச்ச அரைப்புல குழவி கல்லை உடைச்சிடும் போல இருந்துச்சு. மூஞ்சியில எல்லாம் தெறிச்சிருக்கு, துடைக்கலை.

"அக்கா, உனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு?" அப்படின்னேன். "எங்க வீட்லயும் அம்மை போட்டிருக்கு. ஒரு வருஷக் கணக்கு நான் கேள்விப்பட்டதே இல்லை. எதுக்கு அப்படிச் சொன்ன?"

"நீ அரைடி மல்லி. பாய் வந்துடுவாரு."

"பாய் கிடக்காரு. நீ சொல்லு."

அவ குழவியை நிறுத்தினா.

"என்னத்தைச் சொல்லச் சொல்ற? வீட்டுல ஒண்ணும் இல்லைன்னா? அந்த வார்டுல வரிசையாக் கட்டில். இந்தப் பக்கம் சீனச்சி, அந்தப் பக்கம் தோட்டத்துப் பொம்பளை, நடுவுல நர்ஸ் மிசிங்க ரெண்டு பேரு. நான் கட்டியிருந்த சேலை இரவல். அத்தனை பேருக்கு நடுவுல அந்த மனுஷன் சத்தமாக் கேக்குறாரு, மீன் ஏன் குடுக்கலை, முட்டை ஏன் குடுக்கலை, பால் ஏன் குடுக்கலைன்னு. போலீஸ்காரன் கேக்குற மாதிரி. எனக்கு வக்கில்லைய்யான்னு சொல்லவா? சீதா அப்பா சயாமுக்குப் போயி இருக்காரா செத்தாரான்னு தெரியலை. வச்சிருந்தது பூரா ஜப்பான்காரன் வாழைமரப் படம் போட்டு அடிச்ச செல்லாத நோட்டு, அடுப்புல போட்டா நல்லா எரியும், அவ்வளவுதான். பிச்சைக்காரின்னு நினைச்சுப்புடுவாங்களேன்னு வாயில வந்ததைச் சொன்னேன். ஆத்தா வந்திருக்கா, நாங்க கவுச்சி சேக்க மாட்டோம்னு. எவ்வளவு நாளைக்குன்னாரு. மணல்வாரி போயி ரொம்ப மாசம் ஆச்சே, கணக்கு இடிக்குமேன்னு ஒரு வருஷம்னேன்."

"மத்தப் பத்துப் பேரு?"

அக்கா சிரிச்சா. அந்த மாதிரிச் சிரிப்பை நான் யார்கிட்டயும் பாக்க விரும்பலை.

"பக்கத்துக் கட்டில்காரி கேட்டுக்கிட்டுத்தானே இருந்தா? அவகிட்ட போயி அதே கேள்வி. 'எங்க வீட்லயும் அப்படித்தாங்க, ஒரு வருஷம்'ன்னா. அவ சொன்னதை அடுத்தவ கேட்டா. எல்லாரும் ஒரே பதில். எல்லார் வீட்டுச் சட்டியும் காலி மல்லி, வேற என்ன சொல்லுவாளுங்க? நல்ல மரியாதையான பதிலா ஒண்ணு கிடைச்சா பிடிச்சுக்க மாட்டாளுங்களா?"

"இதை சீதாகிட்ட சொல்ல வேண்டியதுதானே அக்கா!"

"அவ அப்பன் முன்னாலயா? சயாமுல அந்த மனுஷன் புழு வச்ச சோத்தைத் தின்னு, நம்ம பொண்டாட்டி புள்ளையாச்சும் நல்லா இருப்பாங்கன்னு நினைச்சுக்கிட்டுத்தான் உசுரைப் பிடிச்சுக்கிட்டு வந்துச்சு. நீங்க அங்க கிடந்தப்ப உங்க புள்ள இங்க பட்டினியில கண்ணைப் பறிகொடுத்துச்சுன்னு நான் எப்படிடி சொல்லுவேன்? மூடச்சின்னே இருந்துட்டுப் போறேன்."

"அந்தப் பொண்ணு உன் கைச்சோத்தைத் தொட மாட்டேங்குது, அது பரவாயில்லையா?"

அவ மிளகாய்க் கையோட முந்தானையை எடுத்துக் கண்ணைத் துடைக்கப் போனா, நான்தான் தட்டிவிட்டேன்.

டாக்டரையே நேர்ல பாத்துப் பேசிடறேன்னு அக்கா கிளம்பிட்டா. ஞாயித்துக்கிழமை நானும் அவளுமா உஜோங் பாசிர் பஸ் ஏறினோம். டாக்டர் வீடு அங்க கடல் ஓரமா இருந்துச்சு. விண்ணப்பம் திங்கக்கிழமை போகணும்னு சீதாவை வீட்டுக்கே வரச் சொல்லி அடிக்க வச்சிருந்தாரு. நாங்க போறப்ப மெஷின் சத்தம் வாசல் வரைக்கும் கேட்டுச்சு. டாக்டர் சம்சாரம் சிவகாமசுந்தரி அம்மா, "வாங்கோ வாங்கோ, மழையில நனைஞ்சிட்டியள், இருங்கோ தேத்தண்ணி போடுறன்"னு அன்பாத்தான் கூப்பிட்டாங்க. அன்புக்கு அந்த வீட்டுல ஒரு குறையும் இல்லை.

அக்கா உக்காரலை.

"ஐயா, நீங்க எம்புள்ளையைப் பத்தி எழுதினதை மாத்தி எழுதணும்."

டாக்டர் கண்ணாடியைக் கழட்டினாரு. "எதை?"

"ஆத்தா வந்ததுக்காக நான் மீன் குடுக்கலைன்னு எழுதியிருக்கீங்களே, அதை. அது பொய்யி. எங்கள்ல அப்படி வழக்கமே கிடையாது. மூணு தண்ணியோட சரி. எங்கிட்ட குடுக்க ஒண்ணும் இல்லை, அதனால குடுக்கலை. இருந்து குடுக்காம இருப்பேனாய்யா?"

மெஷின் சத்தம் நின்னு போச்சு.

"நீர்தானே அப்ப சொன்னனீர்?"

"சொன்னேன். மானத்துக்குப் பயந்து சொன்னேன். பக்கத்துக் கட்டில்காரி, அதுக்கடுத்தவ எல்லாம் நான் சொன்னதைக் கேட்டுட்டுத்தான் அதையே சொன்னாளுங்க."

"நான் கேட்டனான், நீர் சொன்னனீர், நான் எழுதினனான். இதில என்ர பிழை எங்க இருக்கு எண்டு சொல்லும் பாப்பம்."

அவ்வளவுதான், அக்காவுக்கு ஏறிடுச்சு. அத்தனை வருஷம் அடக்கினது.

"உங்க பிழை எங்கன்னா கேக்குறீங்க? எங்க வீட்டுக்கு வந்தீங்களா? சட்டியைத் திறந்து பாத்தீங்களா? உள்ள பாத்திருந்தா சாமி குத்தமா பசியான்னு சட்டியே சொல்லியிருக்குமே! தெருவுல இன்னொருத்தியைக் கேட்டீங்களா? நீங்களும் தமிழர்தானே, உங்க வீட்டுல அம்மை போட்டா ஒரு வருஷம் மீன் ஆக்காமலா இருந்தீங்க?"

டாக்டர் கொஞ்சம் தடுமாறினாரு. "எங்கட வழக்கம் வேற. உங்கட ஆக்களுக்கு அப்பிடி இருக்கும் எண்டு நினைச்சன்."

உங்கட ஆக்கள்! நான் வாயை மூடிக்கிட்டு நிக்கணும்னுதான் போனேன். முடியலை.

"எங்க ஆளுங்கன்னா எதை வேணும்னாலும் நம்பிடுவீங்களா டாக்டர்? நாங்க புள்ளையைக் குருடாக்கிட்டு சாமி கும்புடுவோம்னா உடனே நம்பிட்டீங்க. எங்களுக்குப் பசிக்கும்னு மட்டும் தோணலை."

"நீர் ஆர்?" அப்படின்னாரு.

"மசாலா அரைக்கிறவ."

சீதா எந்திரிச்சு வாசப்படிக்கு வந்திருந்தா. அவ அம்மாவையே பாத்துக்கிட்டு நிக்கிறா. அம்மா பக்கம் வரலை, டாக்டர் பக்கம் திரும்பினா.

"சார், உங்களை எடுத்துக் காட்டினவங்க வரிசையில தோட்ட முதலாளிமார் அறிக்கைன்னு ஒண்ணு இருக்கு. நான்தான் அடிச்சேன். கூலி கூட்டவும் வேணாம், பிள்ளைகளுக்குப் பால் குடுக்கவும் வேணாம், தாய்மாருக்குப் புத்தி சொன்னாப் போதும்னு போட்டு, கீழ உங்க கட்டுரை பேரு போட்டிருக்காங்க."

"அது அவையின்ர விசயம் பிள்ளை. நான் பால் குடுக்க வேண்டாம் எண்டு எழுதேல்லையே."

"நீங்க இப்ப மாத்தி எழுதினா அவங்க அதைச் சொல்ல முடியாதில்ல சார்?"

டாக்டர் நாற்காலியில உக்காந்து, விரலால மேசையைத் தட்டிக்கிட்டு யோசிச்சாரு. பாவம், நிஜமாவே வருத்தப்படுறாருன்னு நான்கூட நினைச்சேன். சிவகாமசுந்தரி அம்மா தேத்தண்ணி கொண்டாந்து வச்சாங்க. யாரும் எடுக்கலை. அப்புறம் அவர் முகம் மெல்ல மெல்ல வெளிச்சமாச்சு. பேனாவைத் திறந்தாரு.

"பதினோரு பேரும் ஒருத்தியைக் கேட்டு ஒருத்தி சொன்னதோ?"

"ஆமாங்க."

"ஒரு வார்டில, ஒருத்தியின்ர பொய் பதினோரு பேரின்ர சாட்சியமா மாறியிருக்கு. இதை ஒருத்தரும் இதுவரை எழுதேல்லை!" அவருக்குக் கை பரபரக்குது. "சீதா, மெஷினில புதுத்தாள் போடும். இது இன்னொரு கட்டுரை. முதல் கட்டுரையை விட இதைக் கூட ஆக்கள் எடுத்துக் காட்டுவினம். தலைப்பு இப்பிடி வைப்பம்: மலாயாத் தமிழ்த் தாயின் வாய்ச்சொல்லை மருத்துவர் எவ்வளவு தூரம் நம்பலாம்?"

எனக்கு முதல்ல புரியலை. அக்காவுக்குப் புரிஞ்சிடுச்சு.

"அப்ப மூடச்சி. இப்பப் பொய்க்காரியாய்யா?"

"ஐயோ, பேர் போட மாட்டன் அம்மா. பயப்பிடாதையும். இரும், முதலில இருந்து சொல்லும். அந்த மாசங்களில பிள்ளைக்கு என்ன குடுத்தனீர்? ஒரு நாளைக்கு எத்தினை தரம்?"

பேனாவைத் தாள் மேல வச்சுக்கிட்டு நிமிர்ந்து பாக்குறாரு. அந்தப் பார்வையில ஒரு கெட்ட எண்ணம் இல்லை. எனக்கு அதுதான் ஆத்திரம். அந்த மனுஷன் முன்னால ஒரு தாய் அடிவயித்தைக் கிழிச்சுக் காட்டுறா, அவருக்கு அதுல ஒரு தலைப்புத் தெரியுது.

அக்கா அவருக்குப் பதில் சொல்லலை. மகளைப் பாத்துச் சொன்னா.

"கிழங்கு சீதா. மரவள்ளிக் கிழங்கு. அதுவும் எல்லா நாளும் இல்லை. புக்கிட் ரம்பாய் வரைக்கும் நடந்து போயி, அடுத்தவன் தோண்டிட்டு விட்டதைக் கிளறிக் கொண்டாருவேன். கிழங்கை உனக்குக் குடுத்துட்டு, வேகவச்ச தண்ணியில உப்பைப் போட்டு அதையும் உனக்குத்தான் குடுப்பேன். எண்ணெயைக் கண்ணால பாக்கலை. ஒரு நாள் லோங்காங்ல ஒரு கெண்டைக்குஞ்சு பிடிச்சேன், சுட்டுக் குடுத்தேன், நீ வாந்தி எடுத்துட்ட. அதுக்கு நான் உன்னை அடிச்சேன். அதைத்தாண்டி என்னால மறக்க முடியலை. கண்ணு போனது ஆண்டவன் மேல பழி. அடிச்சது நான்."

"மெதுவாச் சொல்லும், மெதுவா" அப்படின்னாரு டாக்டர். "லோங்காங் எண்டால் சாக்கடைதானே? கெண்டை. பிறகு?"

"எழுதாதீங்க சார்" அப்படின்னா சீதா.

"என்ன?"

"எழுதுறதா இருந்தா முதல் வரியில ஒண்ணு எழுதுங்க. நான் முன்னாடி எழுதினது தப்பு, அதை நம்பிப் பால் குடுக்காம விட்டவங்க எல்லாம் குடுங்கன்னு எழுதுங்க. அப்படின்னா நானே அடிச்சுத் தரேன், எத்தனை பிரதி வேணும்னாலும்."

"அப்பிடி எழுத ஏலாது பிள்ளை. முதல் கட்டுரையை எத்தினை பேர் எடுத்துக் காட்டியிருக்கினம்! அதுவே பிழை எண்டால் அவையெல்லாம் என்னத்தைச் செய்யிறது? கோலாலம்பூர் விசயமும் இருக்கு. 'மேலும் ஆராய்ந்ததில்' எண்டு தொடங்கினால் பக்குவமா இருக்கும்."

சீதா உள்ள போனா. மெஷின்ல பாதி அடிச்சிருந்த தாளை உருவி மேசையில வச்சா. மெஷினுக்கு மூடியைப் போட்டா. ஆத்திரத்துல எதையும் தள்ளலை, கிழிக்கலை.

"நான் அடிக்க மாட்டேன் சார். நாளையில இருந்து வரவும் மாட்டேன்."

"அவசரப்படாதையும். கோலாலம்பூருக்கு உம்மையும் கூட்டிக்கொண்டு போறதாத்தான் இருந்தனான்."

"வேணாம் சார்."

"சரி, உம்மட விருப்பம். வேற ஆள் அடிக்கும்" அப்படின்னாரு. கோபமே இல்லாமச் சொன்னாரு. சிவகாமசுந்தரி அம்மா மட்டும் வாசல் வரைக்கும் வந்து, "குடை கொண்டு போங்கோ"ன்னு நீட்டினாங்க. அக்கா வாங்கலை. நான் வாங்கியிருப்பேன், அவ மூஞ்சியைப் பாத்து நானும் வாங்கலை.

வேற ஆள் அடிச்சாங்க. அந்தக் கட்டுரையும் வந்துச்சு. கோலாலம்பூர் நாற்காலியும் அவருக்கே கிடைச்சுச்சு, பேப்பர்ல மாலையும் கழுத்துமா படம் போட்டாங்க. புதுக் கட்டுரையையும் உலகம் பூரா எடுத்துக் காட்டுறாங்களாம். முதல் கட்டுரையையும் விடலை. ஒரு பக்கம் நாங்க மூடச்சிங்க, மறுபக்கம் பொய்க்காரிங்க. எது தேவையோ அதை எடுத்துக்குவாங்க. தோட்டத்துல பிள்ளைகளுக்குப் பால் வந்துச்சான்னு யாரும் எழுதினதா எனக்குத் தெரியலை.

அன்னிக்கு மழையில பஸ்ஸுக்கு நின்னோம். கடல் காத்து ஊசியாக் குத்துது. நிழற்குடைன்னு ஒண்ணும் கிடையாது, ஒரு கெத்தாப்பாங் மரம், அதுவும் ஒழுகுது. அக்கா ரோட்டையே பாத்துக்கிட்டு நிக்கிறா. புருஷன்கிட்ட இனிமே எப்படிச் சொல்றதுன்னு நினைச்சிருப்பா, இல்லை மகளுக்கு வேலை போச்சேன்னு நினைச்சிருப்பா. சீதா தன் கைப்பையில இருந்து கைக்குட்டையை எடுத்து அம்மா தலையைத் துவட்டினா. அக்கா விட்டுட்டா.

"எம்மா."

"ம்."

"கிழங்கு எனக்கு, கிழங்குத் தண்ணி எனக்கு. நீ என்னம்மா தின்ன?"

இத்தனை வருஷமா எந்த டாக்டரும், எந்தக் கட்டுரையும், கட்டின புருஷன்கூடக் கேக்காத கேள்வி அது. அக்கா மக பக்கம் திரும்பாமயே சொன்னா.

"உன் தட்டுல மிஞ்சினதை."

"மிஞ்சுச்சா?"

பஸ் வளைவுல வந்துக்கிட்டு இருந்துச்சு.

"எங்கடி மிஞ்சுச்சு" அப்படின்னா அஞ்சலைக்கா.